ஆய்வகத்துடன் கூடிய கல்லூரி முதலாண்டு உயிரியலைப் படிப்பது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

கல்லூரியின் முதல் உயிரியல் பாடத்தில் தடுமாறுகிறவர்களில் பலர் உழைக்காதவர்கள் அல்லர். பெயர்களையும் வரையறைகளையும் உருப்போட்டால் போதும் என்ற பழைய நம்பிக்கையோடு தேர்வுக்கு முந்தைய வாரம் முழுவதும் கண்விழித்துப் படிப்பவர்களே அவர்கள். பாடநூல் தடிமனாக இருப்பதும், பக்கத்துக்குப் பக்கம் புதுச் சொற்கள் வருவதும் அந்த நம்பிக்கைக்குத் தீனி போடுகின்றன. ஆனால் இந்த நிலையில் கேட்கப்படுவது பெரும்பாலும் மைட்டோகாண்ட்ரியாவின் வரையறை அன்று. அதன் உட்சவ்வு வழியாகப் புரோட்டான்கள் கசியத் தொடங்கினால், செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபியின் உற்பத்தி என்ன ஆகும் என்பது போன்ற கேள்விதான். அப்படிப்பட்ட கேள்விக்கு விடை தேடும் பழக்கம் பாதி வகுப்பறையிலும் மீதி ஆய்வக மேசையிலும் உருவாகிறது. ஆய்வகத்தை வகுப்புக்கு ஒட்டிய வாலாகக் கருதாமல், அதையே நடுவில் வைத்துப் பாடம் முழுவதையும் படிப்பது எப்படி என்பதைக் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

படி 1: பாடத்திட்டத்தில் இரண்டு வரிசைகளைப் பொருத்துங்கள்

பெரும்பாலான அறிமுகப் பாடங்கள் உயிரின் வேதியியலில் தொடங்கி, செல்லின் அமைப்பு, சவ்வுகள், நொதிகள், செல் சுவாசம், ஒளிச்சேர்க்கை, செல் பிரிவு, மரபியல், டிஎன்ஏவிலிருந்து புரதம் உருவாகும் வழி, பரிணாமம், சூழலியல் என்று நகர்கின்றன. ஆய்வக அட்டவணை இதே வரிசையில் போனாலும், பல வேளைகளில் வகுப்பைவிட ஒரு வாரம் முந்தியோ பிந்தியோ ஓடும். முதல் வாரத்திலேயே ஒரு தாளில் இரண்டு பத்திகள் போட்டு, எந்தச் சோதனை எந்த அத்தியாயத்தோடு சேர்கிறது என்று எழுதி ஒட்டிக்கொண்டால், ஆய்வகம் முந்தும் வாரங்களில் எந்தப் பக்கங்களை முன்கூட்டியே படிக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

ஆய்வகத்துக்கு எத்தனை மதிப்பெண், வராமல் போனால் மாற்று நாள் உண்டா, முன்தேர்வு உண்டா ஆகியவற்றையும் அன்றே பார்த்துவிடுங்கள். வகுப்பைத் தவறவிட்டால் நண்பரின் குறிப்பை வாங்கிக்கொள்ளலாம். ஆய்வகம் அப்படி அன்று. அந்த நாளுக்கென்று கலக்கிய கரைசலும் அந்த நாளுக்கென்று முளைக்கவைத்த வேரும் மறுவாரம் இருக்காது.

படி 2: சின்னக் கணக்குகளைச் சரிசெய்துகொள்ளுங்கள்

உயிரியல் என்றால் கணக்கு இல்லை என்று நினைத்து வருகிறவர்களுக்கு முதல் மாதமே அதிர்ச்சி காத்திருக்கிறது. தேவைப்படும் கணக்கு கடினமானது அன்று, ஆனால் தயங்காமல் வர வேண்டும். ஒரு மில்லிமீட்டர் 1000 மைக்ரோமீட்டர். ஒரு மில்லிலிட்டர் 1000 மைக்ரோலிட்டர். பி.எச். அளவு மடக்கை அளவு என்பதால், பி.எச். 7இலிருந்து 5க்கு இறங்கிய கரைசலில் ஹைட்ரஜன் அயனிச் செறிவு இரண்டு மடங்கு அன்று, 100 மடங்கு கூடியிருக்கிறது.

கரைசல் தயாரிப்பையும் ஒருமுறை காகிதத்தில் செய்து பாருங்கள். சுக்ரோஸின் மோலார் நிறை ஏறத்தாழ 342 கிராம். 0.5 மோலார் (ஒரு லிட்டரில் அரை மோல்) கரைசல் 100 மி.லி., அதாவது 0.1 லிட்டர், வேண்டுமென்றால் 342ஐ 0.5ஆலும் 0.1ஆலும் பெருக்க 17.1 கிராம் வருகிறது. அந்தச் சர்க்கரையை முதலில் 60 அல்லது 70 மி.லி. நீரில் கரைத்து, அதன் பிறகே 100 மி.லி. கோடு வரை நீர் ஊற்ற வேண்டும். நேராக 100 மி.லி. நீரில் கொட்டினால் சர்க்கரையும் இடம் பிடித்துக்கொள்ளும்; மொத்தக் கன அளவு 110 மி.லி. அருகில் போய், செறிவு குறைந்துவிடும். நீர்த்தலுக்கு, தொடக்கச் செறிவையும் தொடக்கக் கன அளவையும் பெருக்கினால் வருவது, இறுதிச் செறிவையும் இறுதிக் கன அளவையும் பெருக்கினால் வருவதற்குச் சமம் என்ற ஒரே விதி போதும். 1 மோலார் கரைசலிலிருந்து 0.2 மோலார் 50 மி.லி. வேண்டுமென்றால் 10 மி.லி. எடுத்து 40 மி.லி. நீர் சேர்க்க வேண்டும்.

படி 3: வகுப்பில் ‘இது எப்படித் தெரியும்?’ என்று கேட்டுக் குறிப்பெடுங்கள்

ஆசிரியர் சொல்லும் முடிவை மட்டும் எழுதிக்கொள்கிறவரின் குறிப்பேடு, பாடநூலின் மங்கலான நகலாகவே முடியும். முடிவுக்கு அடியில், அதை எந்தச் சோதனை காட்டியது என்று இரண்டு வரி எழுதும் பழக்கத்தை உண்டாக்கிக்கொண்டால், வகுப்பும் ஆய்வகமும் ஒரே பாடமாகிவிடும்.

டிஎன்ஏ தன்னைப் பிரதியெடுக்கும்போது ஒவ்வொரு புதிய மூலக்கூறிலும் ஒரு பழைய இழையும் ஒரு புதிய இழையும் இருக்கும் என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். வாட்சனும் கிரிக்கும் இரட்டைச் சுருள் அமைப்பை 1953இல் முன்வைத்தபோது இது ஓர் ஊகமாகவே இருந்தது. 1958இல் மெசல்சனும் ஸ்டாலும் பாக்டீரியாவை முதலில் கனமான நைட்ரஜன்-15 உள்ள ஊடகத்தில் பல தலைமுறைகள் வளர்த்து, பிறகு சாதாரண நைட்ரஜன்-14 உள்ள ஊடகத்துக்கு மாற்றி, அவற்றின் டிஎன்ஏவை அடர்த்திக்கேற்பப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு தலைமுறைக்குப் பின் இடைப்பட்ட அடர்த்தியில் ஒரே பட்டை தெரிந்தது. பழைய சுருள் அப்படியே இருந்து புதியது தனியாக உருவாகியிருந்தால் கனமானது ஒன்று, இலேசானது ஒன்று என இரண்டு பட்டைகள் வந்திருக்க வேண்டும். எனவே அந்த வழி அடிபட்டது. ஆனால் பழையதும் புதியதும் துண்டு துண்டாகக் கலந்துபோகின்றன என்ற வழி அப்போதும் உயிரோடிருந்தது. இரண்டாம் தலைமுறையில் இடைப்பட்ட பட்டையோடு இலேசான பட்டை ஒன்றும் தனியாகத் தெரிந்தபோதுதான் அதுவும் விழுந்தது.

இந்த ஒரு பத்தியை நூலைப் பார்க்காமல் இன்னொருவருக்குச் சொல்ல முடிந்தால், அந்த அத்தியாயத்தின் பாதி உங்கள் கையில் இருக்கிறது. மூன்றாம் தலைமுறையில் என்ன தெரியும் என்று தேர்வில் கேட்டாலும் திகைக்க மாட்டீர்கள்.

படி 4: ஆய்வகத்துக்கு முந்தைய நாள் அரைப் பக்கம் எழுதுங்கள்

கையேட்டை ஒருமுறை வாசித்துவிட்டுப் போவது தயாரிப்பு ஆகாது. செய்முறையை உங்கள் கையால், அம்புக்குறிகள் போட்ட சிறு படமாக மாற்றி எழுதுங்கள். எழுதும்போதுதான் ‘இந்தக் குழாயை ஏன் கொதிக்க வைக்கச் சொல்கிறார்கள்?’ என்ற கேள்வி வரும். அதோடு நான்கு செய்திகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: நீங்கள் மாற்றுவது எது, அளப்பது எது, மாறாமல் வைப்பது எவை, ஒப்பீட்டுக்காக வைக்கும் கன்ட்ரோல் எது.

கேடலேஸ் நொதிச் சோதனையை நினைத்துப் பாருங்கள். இந்த நொதி ஹைட்ரஜன் பெராக்சைடை நீராகவும் ஆக்சிஜனாகவும் உடைக்கிறது. நுரை பொங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். நொதிச் சாற்றைக் கொதிக்கவைத்து ஆறவிட்டுச் சேர்க்கும் குழாயில் நுரை வரவில்லை என்றால்தான், பொங்கியதற்குக் காரணம் வெப்பத்தில் சிதையும் ஒரு பொருள் என்று சொல்ல முடியும். பெராக்சைடுக்குப் பதிலாக வெறும் நீர் சேர்த்த குழாய், சாறு தானாகவே நுரைக்கவில்லை என்பதைக் காட்டுகிறது. கன்ட்ரோல் குழாய்களை நேரம் போதவில்லை என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அவை இல்லாமல் மற்ற குழாய்களின் அளவுகளுக்குப் பொருளே இல்லை.

கடைசியாக, வரப்போகும் வரைபடத்தைக் கைப்போக்கில் ஊகித்து வரைந்துவையுங்கள். ஊகம் தவறினால் ஒன்றும் கெட்டுவிடாது. எங்கே தவறியது என்று பார்ப்பதில்தான் படிப்பே இருக்கிறது.

படி 5: பாதுகாப்பு

இதை நீட்டத் தேவையில்லை, ஆனால் ஒன்றையும் தளர்த்தக் கூடாது. மூடிய காலணி, கட்டிய முடி, பாதுகாப்புக் கண்ணாடி, மேலங்கி. ஆய்வகத்தில் உண்பதோ பருகுவதோ கூடாது. அமிலத்தை நீரில் ஊற்ற வேண்டும். நீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது. கண் கழுவும் குழாயும் தீயணைப்பானும் எங்கே இருக்கின்றன என்பதை முதல் நாளே நின்று பார்த்துக்கொள்ளுங்கள். அதிகம் கவனிக்கப்படாத தவறு ஒன்று உண்டு: கையுறையோடு கைப்பேசியை எடுப்பது. கையுறையில் இருக்கும் சாயமும் பாக்டீரியாவும் அப்படியே முகத்துக்கு வந்துவிடும்.

படி 6: நுண்ணோக்கியோடு பழகுங்கள்

முதல் மாதத்தில் அதிக நேரம் செலவிடத் தகுந்த கருவி இதுதான். கண்ணருகு லென்ஸ் 10 மடங்கும் பொருளருகு லென்ஸ் 40 மடங்கும் பெருக்கினால் மொத்தப் பெருக்கம் 400. எப்போதும் மிகக் குறைந்த லென்ஸில், பெரும்பாலும் 4 மடங்கு லென்ஸில், தொடங்குங்கள். பெரிய திருகால் படத்தைக் கண்டுபிடித்து, பொருளைப் பார்வைப் புலத்தின் நடுவுக்குக் கொண்டுவந்து, பிறகே அடுத்த லென்ஸுக்குத் திருப்ப வேண்டும். 40 மடங்கு லென்ஸில் ஸ்லைடுக்கும் லென்ஸுக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது என்பதால், அங்கே பெரிய திருகைத் தொட்டால் கவர் ஸ்லிப் உடையும், சில வேளை லென்ஸும் கீறும். அங்கே சிறிய திருகு மட்டுமே. 100 மடங்கு லென்ஸுக்கு எண்ணெய்த் துளி வேண்டும். வேலை முடிந்ததும் அதை லென்ஸ் தாளால் துடைக்க வேண்டும்.

ஸ்லைடை வலப்பக்கம் நகர்த்தினால் படம் இடப்பக்கம் போகும். முதலில் எரிச்சலாக இருக்கும். இரண்டு வாரத்தில் கை தானாகப் பழகிவிடும்.

பொருள் தெரியவில்லை என்று வெளிச்சத்தைக் கூட்டுவது புதியவர்களின் வழக்கம். சாயம் ஏற்றாத செல்கள் ஏறக்குறைய ஒளி ஊடுருவுபவை. வெளிச்சம் கூடினால் அவை கரைந்து மறைந்துவிடும். மேடைக்குக் கீழேயுள்ள ஒளித்திரையைச் சற்று மூடினால் விளிம்புகள் எழுந்து நிற்கும்.

வெங்காயத் தோலில் ஸ்லைடு செய்யும்போது, சதையின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய படலத்தை மட்டும் இடுக்கியால் உரித்து, நீர்த்துளியில் மடிப்பு விழாமல் விரியுங்கள். கவர் ஸ்லிப்பை ஒரு விளிம்பில் சாய்த்து நிறுத்தி, ஊசியால் தாங்கி மெல்ல இறக்கினால் காற்று வெளியேறிவிடும். சட்டென்று போட்டால் குமிழிகள் சிக்கிக்கொள்ளும். என் முதல் ஆய்வக நாளில், கருத்த தடித்த விளிம்போடு கச்சிதமான வட்டமாக இருந்த ஒன்றை மிக அக்கறையோடு வரைந்து, ‘உட்கரு தெரியவில்லை’ என்று பக்கத்தில் குறிப்பும் எழுதினேன். அது காற்றுக் குமிழி. வெங்காயச் செல்கள் செங்கல் அடுக்கியது போல நீள்சதுரமாக இருக்கும். அயோடின் துளி ஒன்றை ஓரத்தில் விட்டு எதிர்ப்பக்கத்தில் வடிதாளால் இழுத்தால், உட்கரு மஞ்சள் பழுப்பாகத் தெரியும்.

படம் வரைவதில் ஒரே விதி: பாடநூலில் இருப்பதை வரையாதீர்கள், கண்ணில் பட்டதை வரையுங்கள். வெங்காயத் தோலில் பசுங்கணிகம் இல்லை. பாடநூலின் தாவரச் செல் படத்தில் இருக்கிறதே என்று அதைச் சேர்த்து வரைந்தவரின் தாளைப் பார்த்ததும், அவர் லென்ஸில் கண்ணை வைக்கவில்லை என்பது திருத்துபவருக்குத் தெரிந்துவிடும். கூரான பென்சிலில், ஒற்றைக் கோடாக, நிழல் தீட்டாமல், பெருக்கத்தையும் சாயத்தின் பெயரையும் கீழே குறித்து வரையுங்கள்.

அளவையும் கணிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். 4 மடங்கு லென்ஸில் ஒளி ஊடுருவும் அளவுகோலை வைத்துப் பார்வைப் புலத்தின் விட்டத்தை அளந்தால், பல கருவிகளில் 4.5 மி.மீ. அளவில் வரும். பெருக்கம் 10 மடங்கு கூடி 40 மடங்கு லென்ஸுக்குப் போனால் விட்டம் 10இல் ஒரு பங்காகி 0.45 மி.மீ., அதாவது 450 மைக்ரோமீட்டர் ஆகிறது. கன்னத்தின் உட்புறச் செல் ஒன்று அந்த விட்டத்தில் எட்டில் ஒரு பங்கை அடைத்தால், அதன் அகலம் ஏறத்தாழ 56 மைக்ரோமீட்டர். ஒரு எண் கிடைத்தவுடன் அந்தச் செல் வெறும் படமாக இல்லாமல் ஒரு பொருளாகத் தோன்றத் தொடங்கும்.

படி 7: மைக்ரோபைப்பெட்டைக் கைக்குப் பழக்குங்கள்

மிகச் சிறிய அளவுத் திரவத்தை அளந்தெடுக்கும் மைக்ரோபைப்பெட்டின் அழுத்தானுக்கு இரண்டு நிறுத்தங்கள் உண்டு. முதல் நிறுத்தம் வரை அழுத்தி, முனையைத் திரவத்தில் சற்றே அமிழ்த்தி, மெல்ல விட்டு உறிஞ்ச வேண்டும். வெளியேற்றும்போது முதல் நிறுத்தத்தைத் தாண்டி இரண்டாம் நிறுத்தம் வரை அழுத்த வேண்டும். உறிஞ்சும்போதே இரண்டாம் நிறுத்தத்துக்குப் போனவர் தேவைக்கு மேல் எடுத்துவிடுவார்; அழுத்தானைப் படாரென்று விட்டவர் காற்றையும் சேர்த்து இழுப்பார்.

எண் காட்டும் சாளரத்தைப் படிப்பதிலும் சிக்கல் உண்டு. 1, 5, 0 என்ற அதே மூன்று இலக்கங்கள் 20 மைக்ரோலிட்டர் வரை அளக்கும் பைப்பெட்டில் 15.0 மைக்ரோலிட்டரையும், 200 வரை அளக்கும் பைப்பெட்டில் 150 மைக்ரோலிட்டரையும் குறிக்கின்றன. உங்கள் கை சரியா என்று சோதிக்க எளிய வழி தராசுதான்: 100 மைக்ரோலிட்டர் நீர் 0.1 கிராம் இருக்க வேண்டும். பத்து முறை எடுத்து எடைபோட்டுப் பாருங்கள். எண்கள் சிதறினால் குற்றம் பெரும்பாலும் கருவியில் இல்லை, கட்டைவிரலில் இருக்கிறது.

கரைசல் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று அளக்கும் நிறமாலை ஒளிமானியைப் பயன்படுத்தும்போது, சோதிக்கும் பொருள் ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் உள்ள கரைசலை முதலில் வைத்துப் பூச்சியமாக்க வேண்டும். கரைசலை ஊற்றி வைக்கும் சிறு கலமான க்யூவெட்டின் தெளிந்த பக்கங்களில் விரல் ரேகை பட்டால் அதையும் கருவி உறிஞ்சலாகக் கணக்கிட்டுவிடும்.

படி 8: குறிப்பேட்டில் எதையும் அழிக்காதீர்கள்

பேனாவால், அந்த நேரத்தில், அந்த நோட்டில் எழுதுங்கள். துண்டுத் தாளில் எழுதி வீட்டில் அழகாகப் படியெடுக்கும் பழக்கம் நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. பதிவேடு பளிச்சென்று இருந்தால் மதிப்பெண் வரும் என்ற எண்ணம் அதற்குக் காரணம். படியெடுக்கும்போது எண்கள் மாறுகின்றன, சங்கடமான எண்கள் காணாமல் போகின்றன. தவறாக எழுதியதை ஒரே கோட்டால், படிக்கும்படியாக அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதுங்கள். நேரம், அறை வெப்பநிலை, தராசு எந்தத் தசமம் வரை காட்டியது, மூன்றாம் குழாயைக் கலக்க மறந்தது எல்லாம் அதில் இருக்கட்டும். இரண்டு வாரம் கழித்து அறிக்கை எழுதும்போது, ஒரு புள்ளி மட்டும் ஏன் விலகி நிற்கிறது என்ற கேள்விக்கு அந்த ‘மறந்தேன்’தான் விடை சொல்லும்.

குழுவாகச் செய்யும்போது ஒருவரே எழுதுவதும் ஒருவரே பைப்பெட் பிடிப்பதும் நிரந்தரமாகிவிடும். வாரம் ஒருமுறை வேலையை மாற்றிக்கொள்ளுங்கள். செய்முறைத் தேர்வில் எழுதுகிறவரும் பைப்பெட் பிடிக்க வேண்டும்.

படி 9: ஒரு சோதனையை முழுவதுமாகத் தொடர்ந்து செல்லுங்கள்

சவ்வூடு பரவலை எடுத்துக்கொள்வோம். உருளைக்கிழங்கிலிருந்து தக்கைத் துளைப்பானால் ஒரே தடிமனுள்ள உருளைகளை வெட்டி, தோலை நீக்கி, ஒரே நீளமாக்கி, எடைபோட்டு, 0, 0.2, 0.4, 0.6, 0.8, 1.0 மோலார் சுக்ரோஸ் கரைசல்களில் ஊறவைத்து மறுபடியும் எடைபோடுவது இதன் செய்முறை. எடைபோடுவதற்கு முன் ஒவ்வொரு உருளையையும் வடிதாளில் ஒரே விதமாக ஒற்றியெடுக்க வேண்டும். ஒன்றை அழுத்தித் துடைத்து இன்னொன்றை ஈரத்தோடு வைத்தால், நீங்கள் அளப்பது செல்லுக்குள் போன நீரை அன்று, வெளியே ஒட்டிய நீரை.

கிராமில் வந்த மாற்றத்தை அப்படியே ஒப்பிடக் கூடாது. 2.00 கிராம் உருளை 2.24 ஆனது, 2.50 கிராம் உருளை 2.74 ஆனது. இரண்டும் 0.24 கிராம் கூடின, ஆனால் முதலாவது 12 சதவீதமும் இரண்டாவது 9.6 சதவீதமுமே கூடியிருக்கின்றன. எனவே சதவீத மாற்றத்தைக் கணக்கிட்டு, செறிவைக் கிடைமட்ட அச்சிலும் சதவீதத்தைச் செங்குத்து அச்சிலும் குறிக்க வேண்டும். 0.2 மோலாரில் 4 சதவீதம் கூடி, 0.4 மோலாரில் 6 சதவீதம் குறைந்திருப்பதாக வைத்துக்கொண்டால், கோடு பூச்சியத்தை ஏறத்தாழ 0.28 மோலாரில் வெட்டும். எடை கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்ற அந்த இடத்தில் கிழங்கின் உள்ளும் புறமும் நீரின் நாட்டம் சமமாக இருக்கிறது. 22 டிகிரி செல்சியஸில், அதாவது 295 கெல்வினில், 0.28ஐ வாயு மாறிலியான 0.0831ஆலும் 295ஆலும் பெருக்கி எதிர்க்குறி இட்டால் −6.9 பார் (அழுத்தத்தின் அலகு) என்ற நீர் உள்ளுறை ஆற்றல், அதாவது நீரின் அந்த நாட்டத்துக்கான எண், கிடைக்கிறது.

சூத்திரத்தில் இட்டு எண் கண்டுபிடிப்பதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். 0.8 மோலாருக்குப் பிறகு கோடு ஏன் தட்டையாகிறது, தூய நீரில் ஊறிய உருளை ஏன் விறைப்பாக நிற்கிறது, ஆனாலும் ஏன் வெடிக்கவில்லை, செல்சுவர் இல்லாத சிவப்பணுவை அதே நீரில் போட்டால் என்ன ஆகும் என்று கேட்டுக்கொண்டே போனால், சவ்வுகள் பற்றிய அத்தியாயம் முழுவதையும் அந்த ஒரு கிழங்கு சொல்லிவிடும்.

படி 10: எண்ணுவதற்கும் சோதிப்பதற்கும் பழகுங்கள்

வெங்காய வேர் நுனியைப் பிசைந்து சாயமேற்றிப் பார்க்கும் ஆய்வில், பாடநூல் படத்தைப் போல ஒவ்வொரு செல்லும் குரோமோசோம்களைக் காட்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். பெரும்பாலான செல்கள் பிரிவுக்கு இடைப்பட்ட நிலையில்தான் இருக்கும். அந்த ஏமாற்றமே தரவு. 200 செல்களை எண்ணி 20 மட்டும் பிரிவில் இருந்தால், அது 10 சதவீதம். செல் சுழற்சி 20 மணி நேரம் என்று கொண்டால், ஒரு செல் பிரிவுக்குச் செலவிடுவது ஏறத்தாழ 2 மணி நேரம். ஒரு நொடியில் உறைந்த ஸ்லைடிலிருந்து காலத்தை வாசிக்க முடிகிறது.

மரபியல் ஆய்வில், எண்ணிக் கண்டதையும் எதிர்பார்த்ததையும் ஒப்பிடும் கை-வர்க்கச் சோதனை வரும். அதை மெண்டலின் எண்களிலேயே செய்து பழகுவது நல்லது. 1866இல் வெளியான கட்டுரையில், இரண்டாம் தலைமுறைப் பட்டாணி விதைகளில் 5474 உருண்டை, 1850 சுருங்கியவை என்று அவர் பதிந்திருக்கிறார். மொத்தம் 7324; 3:1 என்ற விகிதப்படி எதிர்பார்ப்பது 5493, 1831. வேறுபாடு இரண்டிலும் 19. அதன் வர்க்கம் 361ஐ 5493ஆல் வகுத்தால் 0.066, 1831ஆல் வகுத்தால் 0.197, கூட்டினால் 0.263. இரண்டே வகைகள் உள்ள இத்தகைய சோதனைக்கு 5 சதவீத மட்டத்தில் வரம்பு 3.84. நம் எண் அதைவிட மிகக் குறைவு என்பதால், கண்ட வேறுபாட்டைத் தற்செயல் என்றே கொள்ளலாம். 3:1 விகிதத்தைக் கைவிடக் காரணம் இல்லை. சோதனை விகிதத்தை மெய்ப்பித்துவிட்டது என்று எழுதக் கூடாது. கைவிடக் காரணம் கிடைக்கவில்லை என்பதும் மெய்ப்பிக்கப்பட்டது என்பதும் வேறு வேறு, இந்த இடத்தில் மதிப்பெண் இழப்பவர்கள் ஏராளம்.

படி 11: அறிக்கையை நடுவிலிருந்து எழுதத் தொடங்குங்கள்

முன்னுரையில் தொடங்கி முடிவுரை வரை வரிசையாக எழுதுவதைவிட, முதலில் வரைபடங்களையும் அட்டவணைகளையும் முடித்துவிடுவது எளிது. தொடர்ந்து மாறும் அளவுகளுக்குக் கோட்டு வரைபடம், தனித்தனி வகைகளுக்குப் பட்டை வரைபடம்; இரண்டிலும் அலகுகள் கட்டாயம். அடுத்து, வரைபடம் காட்டுவதை விளக்கம் சேர்க்காமல் எழுதினால் முடிவுகள் பகுதி ஆயிற்று. செய்முறையை இறந்தகாலத்தில், இன்னொருவர் திரும்பச் செய்யும் அளவுக்கு விவரமாக எழுதுங்கள். ‘பீக்கரை எடுத்து மேசையில் வைத்தோம்’ என்ற அளவுக்கு வேண்டாம். முன்னுரையைக் கடைசியில் எழுதினால், எந்தக் கேள்விக்கு விடை தந்தீர்களோ அதையே அறிமுகப்படுத்துவீர்கள்.

விவாதப் பகுதியில் ‘மனிதப் பிழையால் வேறுபாடு வந்தது’ என்ற வாக்கியம் ஒன்றும் சொல்வதில்லை. எந்தப் பிழை, அது எண்ணை எந்தப் பக்கம் தள்ளியிருக்கும் என்று எழுதுங்கள். உருளைகளைச் சரியாக ஒற்றவில்லை என்றால் இறுதி எடை கூடியிருக்கும், கோடு மேலே ஏறியிருக்கும், பூச்சியத்தை வெட்டும் இடம் வலப்பக்கம் நகர்ந்திருக்கும். இப்படி எழுதியவர் சோதனையைப் புரிந்துகொண்டவர் என்பதில் யாருக்கும் ஐயம் வராது.

கவனமாக அளந்தாலும் முடிவு வழுக்கலாம் என்பதற்குப் பழைய அறிவியலாளர் வான் ஹெல்மோன்ட் நல்ல துணை. 200 பவுண்டு உலர்ந்த மண்ணில் 5 பவுண்டு வில்லோ கன்றை நட்டு, நீர் மட்டும் ஊற்றி வளர்த்து, 5 ஆண்டுகளுக்குப் பின் மரம் 169 பவுண்டு ஆனதையும் மண்ணில் ஏறத்தாழ 2 அவுன்ஸ் மட்டும் குறைந்ததையும் அவர் கண்டார். மரம் மண்ணை உண்டு வளரவில்லை என்ற பாதி சரி. எனவே முழுவதும் நீரிலிருந்தே வந்தது என்ற மீதி தவறு. காற்றை அவர் கணக்கில் எடுக்கவே இல்லை. உங்கள் விவாதத்தை எழுதும்போது, நீங்கள் அளக்காமல் விட்ட காற்று எது என்று தேடிப் பாருங்கள்.

படி 12: உடலறுப்பு ஆய்வு

கத்தரிக்கோலின் மழுங்கிய முனை உள்ளே, கத்தியின் வெட்டு உங்களிடமிருந்து விலகி, இது போதும். எதையும் வெட்டி வெளியே எடுப்பதற்கு முன், அது எதோடு இணைந்திருக்கிறது என்று தொட்டுத் தொடருங்கள், ஏனெனில் தேர்வில் கேட்கப்படுவது பெரும்பாலும் அந்த இணைப்புதான். அறுப்பதில் மனம் ஒப்பாதவர்கள் பாடத்தின் தொடக்கத்திலேயே ஆசிரியரிடம் சொல்லி மாற்று வழி உண்டா என்று கேட்கலாம். அன்றைய தினம் மேசையருகே நின்று சொல்வதைவிட அது எல்லோருக்கும் நல்லது.

படி 13: தேர்வுக்கு, மூடிய நூலோடு படியுங்கள்

திரும்பத் திரும்ப வாசிப்பதும் வண்ணப் பேனாவால் கோடிடுவதும் தெரிந்துவிட்டது போன்ற உணர்வைத் தரும், ஆனால் நினைவை வளர்ப்பதில்லை. உளவியலாளர்களான ரோடிகரும் கார்பிக்கியும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தபோது மறுபடி வாசித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, இடையில் தங்களைத் தாங்களே சோதித்துக்கொண்டவர்கள் முந்தினார்கள். ஆகவே வெள்ளைத் தாளில், நூலைப் பார்க்காமல், செல் சுவாசத்தில் குளுக்கோஸின் ஆறு கார்பன்களும் எங்கெங்கே கார்பன் டை ஆக்சைடாக வெளியேறுகின்றன என்று வரைந்து பாருங்கள். இடைவெளி விழும் இடத்தில் மட்டும் நூலைத் திறவுங்கள். மூன்று நாள் கழித்து மறுபடியும் வரையுங்கள்.

செய்முறைத் தேர்வில் ஸ்பாட்டர்கள், அதாவது அடையாளம் காண வேண்டிய மாதிரிகள், வரிசையாக வைக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் ஓரிரு நிமிடங்களே தரப்படும். அதற்கான பயிற்சியைத் திறந்திருக்கும் ஆய்வக நேரத்தில் நண்பர் ஒருவரோடு செய்யலாம்: அவர் ஸ்லைடை மேடையில் வைத்துப் பெயர்ச்சீட்டை மறைக்கட்டும், நீங்கள் பெயரோடு நிறுத்தாமல், எந்த அடையாளத்தைக் கண்டு சொன்னீர்கள் என்பதையும் சொல்லுங்கள். ‘இறுதிநிலை’ என்று மட்டும் சொன்னால் ஒரு மதிப்பெண். ‘இரண்டு முனைகளிலும் குரோமோசோம்கள் குவிந்து, நடுவில் செல்தட்டு தோன்றத் தொடங்கியிருப்பதால் இறுதிநிலை’ என்று காரணத்தோடு சொல்ல வருவது வேறு. தேர்வன்று ஸ்பாட்டரின் முன் நின்றதும் நுண்ணோக்கியின் சிறிய திருகை மட்டும் மெல்லத் திருப்பிப் பாருங்கள், ஸ்லைடை நகர்த்தாதீர்கள். சுட்டுமுனை காட்டும் செல் விலகிவிட்டால், உங்களுக்குப் பின்னால் வருகிறவர் வேறு செல்லுக்கு விடை எழுதுவார்.